பாட்டில் தீரும் வாரம்

எங்கள் வீட்டு நாய்க்கு வலிப்பு வருவதெல்லாம் மருந்து பாட்டில் தீரும் வாரத்தில்தான் என்று நான் சொன்னபோது யாரும் நம்பவில்லை. டாக்டர் தலையை ஆட்டினார். நம்பியவர் ஆட்டும் ஆட்டல் இல்லை அது. பெங்களூரில் இருக்கும் மகள் போனில், "அம்மா, நீ ஓவரா யோசிக்கிற" என்றாள். என் கணவர் மட்டும், "இருக்கலாம்மா. நீ சொன்னா ஏதாவது இருக்கும்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னோடு இப்படித்தான் ஒத்துப்போகிறார். அதில் பாதி அன்பு, பாதி வாக்குவாதத்திலிருந்து தப்பிக்கும் வழி.

எனக்கு எதையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லை. கிண்டியில் என் அலுவலகத்தில் ஒரு கோப்பு காணாமல் போனால் என்னிடம்தான் வருவார்கள். கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு, தொலைத்தவரையும் கண்டுபிடித்து நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் டிபன் டப்பாவைத் திறப்பேன். இதற்கு 'உடும்புப் பிடி' என்று முதுகுக்குப் பின்னால் பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியும். பிடித்திருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

நாயைக் கொண்டுவந்தவள் மகள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, பொமரேனியன் என்று யாரோ கொடுத்தார்கள் என்று துப்பட்டாவில் சுற்றி எடுத்துவந்தாள். வளர்ந்த பிறகுதான் தெரிந்தது, பாதி பொமரேனியன், மீதி எங்கள் சிட்லபாக்கம் தெரு. அப்புறம் அவள் வேலை கிடைத்துப் போய்விட்டாள். நாய் தங்கிவிட்டது. என் கணவர் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற சமயம் அது. இரண்டு பேருக்கும் செய்ய வேறு வேலை இல்லை. ஆகவே ஒருவரையொருவர் கவனித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். காலையில் ஏரிக்கரையில் நடை, பத்து மணிக்கு வாசலில் உட்கார்ந்து ரோமத்தைச் சீவிவிடுவது, மத்தியானம் ஒரே மின்விசிறிக்குக் கீழே தூக்கம். நான் சாயங்காலம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு வந்தால், ஏதோ விருந்தாளி வந்திருக்கிறாள் என்பதுபோல் இருவரும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

முதல் வலிப்பு ஒரு சாயங்காலம் வந்தது. நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஓடிவந்து வாலாட்டியவன் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான். கால்கள் நான்கும் காற்றில் ஓடின. வாயில் நுரை. என் கணவர் தரையில் உட்கார்ந்து அவன் தலை தரையில் இடிக்காமல் தன் தொடையை அணையாகக் கொடுத்தார். பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார். அவருடைய குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை. மூலையில் நின்ற ஆட்டோவைக் கூப்பிட்டுத் தாம்பரத்தில் இருக்கும் கால்நடை டாக்டரிடம் போனோம். ஆட்டோக்காரர் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, இப்டி இஸ்துகினு கீதே! கெட்டியா புடிச்சிக்கோ, சீக்கிரம் வுட்டுர்றேன்" என்றார். சொன்னபடி விட்டார். மேம்பாலத்தில் என் உயிரும் கொஞ்சம் போய் வந்தது.

டாக்டர் பேச்சில் சுற்றி வளைப்பவர் இல்லை. "இது வலிப்பு நோய். முழுசா சரியாகாது. கட்டுப்படுத்தலாம். மருந்து ஒரு வேளைகூட விடக்கூடாது, அளவு குறையவும் கூடாது. அளவு குறைஞ்சா ஃபிட்ஸ் வரும். ஏதோ ஒரு ஃபிட்ஸ் நிக்காமலே போச்சுன்னா, உயிருக்கே ஆபத்து."

மாத்திரை கொடுத்தார். எங்கள் வீட்டில் அன்று தொடங்கியது ஒரு போர். இட்லிக்குள் வைத்தோம், பன்னுக்குள் வைத்தோம், தயிர் சாதத்தில் பொடித்துக் கலந்தோம். இட்லியைத் தின்பான், மாத்திரையைக் கழுவித் துடைத்த மாதிரி தரையில் வைத்துவிட்டுப் போவான். அவன் எடைக்கு மாத்திரையில் ஒரு துணுக்குத்தான் வேண்டும். அந்தத் துணுக்கை உடைத்தால் பாதி தூளாகப் பறந்துவிடும். மனிதர்களுக்கான சிரப் வாங்கலாமா என்று கேட்டேன். "கேக்காம குடுத்துராதீங்க. சில சிரப்ல சர்க்கரைக்குப் பதிலா போடுற இனிப்பு நாய்க்கு விஷம்" என்றார் டாக்டர். அவன் எடைக்குத் தகுந்த அளவில் மருந்தைத் திரவமாகக் கலந்து தரும் கடை ஒன்று இருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனைத் தாண்டி ஒரு சந்தில் இருந்தது அந்தக் கடை. வெளியில் பார்த்தால் சாதாரண மருந்துக் கடை. உள்ளே ஒரு கண்ணாடி அறை. அதற்குள் தராசு, அளவு ஜாடிகள், வெள்ளை கோட்டு போட்ட ஒரு பெண். என் மகள் வயதுதான் இருக்கும், பேச்சு மட்டும் தலைமை ஆசிரியை மாதிரி. மருந்தைப் பொடித்து, பசை போன்ற ஒரு திரவத்தில் கலந்து, காவி நிற பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தாள்.

"மேடம், இது கம்பெனியில போட்ட மருந்து மாதிரி வருஷக்கணக்கா நிக்காது. தண்ணிப் பதத்துல இருக்கிற மருந்து நாள் ஆக ஆக பலம் குறையும். அதனாலதான் தேதி போட்டிருக்கேன். அதுக்கு மேல ஒரு நாள்கூட குடுக்காதீங்க. இதுல மருந்து கரைஞ்சு இல்ல, மிதந்துகிட்டு இருக்கு. குலுக்காம எடுத்தா மேல தெளிவும் கீழ மருந்துமா போயிரும். வெயில் வேண்டாம். ஃபிரிட்ஜும் வேண்டாம்."

அதையெல்லாம் லேபிளிலும் எழுதி ஒட்டியிருந்தாள். என் கணவர் அந்த லேபிளைப் படித்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஸ்டோர்ஸ்காரர் அல்லவா! கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சரக்கு இறங்கும்போது சரிபார்ப்பவர் மாதிரி வாய்விட்டுப் படித்தார். அன்றிலிருந்து மருந்து கொடுப்பது அவர் பொறுப்பு. காலையும் சாயங்காலமும் பாட்டிலைக் காதருகே வைத்து, கொலுவுக்கு வந்த குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டுவதுபோல் குலுக்குவார். ஊசி இல்லாத சிரிஞ்சை உள்ளே விட்டு உறிஞ்சுவார். நாய் தானாக வாயைத் திறக்கும். நான் ஒருநாள் முயன்றேன், எனக்குத் திறக்கவில்லை.

நோய் அடங்கியது. நாங்கள் மூச்சு விட்டோம். அப்புறம் பாட்டில் தீரப்போகிற வாரத்தில் ஒரு காலை, பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, கூடத்தில் அந்தச் சத்தம். நகங்கள் தரையைப் பிறாண்டும் சத்தம். ஒரு தடவை கேட்டவர்களுக்குப் போதும், மறுபடி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

புது பாட்டில் வாங்கினோம். அடங்கியது. அதுவும் தீரப்போகிற வாரத்தில் மறுபடி வந்தது, இந்த முறை இரண்டு தடவை. அவன் தலையை மடியில் வைத்திருந்த என் கணவரைத் தாண்டி என் கண் மேசைக்குப் போனது. பாட்டிலின் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். போன தடவையும் இதே மாதிரி மேசையைப் பார்த்தேனே, இதே மாதிரி மிச்சம் இருந்ததே என்று அப்போதுதான் உறைத்தது.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். புது பாட்டில் திறந்து சில நாள் ஆகியிருந்த சமயம். மருந்தின் அளவு ரத்தத்தில் சரியாக இருந்தது. "அளவு சரியா இருந்தும் ஃபிட்ஸ் வருதுன்னா, இந்த மருந்து மட்டும் போதலன்னு அர்த்தம். ரெண்டாவது மருந்து சேர்க்கணும்" என்றார். அது சேர்ந்தால் அவன் தள்ளாடுவான், நாள் முழுக்கத் தூங்குவான், முதல் மருந்தாலேயே சோர்ந்திருக்கும் கல்லீரலுக்கு இன்னும் பாரம் என்றும் மறைக்காமல் சொன்னார்.

"டாக்டர், அவனுக்கு மருந்து போதாம இல்ல. பாட்டில்லதான் மருந்து கெட்டுப்போகுது. எனக்கு இன்னும் ஒரு பாட்டில் டைம் குடுங்க."

"குடுக்கலாம். ஆனா அடுத்த ஃபிட்ஸ் தானா நிக்கும்னு என்னால உத்தரவாதம் தர முடியாது. அதை நீங்க யோசிச்சுக்கோங்க."

யோசித்தேன். ரயிலில் நின்றுகொண்டு யோசித்தேன், மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு யோசித்தேன். கூடுதல் மருந்து கொடுத்து அவனை ஒரு மூலையில் பொம்மையாகப் படுக்க வைத்தால் வலிப்பு நிற்கலாம். அப்புறம் என் கணவரோடு ஏரிக்கரைக்கு யார் போவது? காரணம் தெரியாமல் அந்த இரண்டாவது மருந்தை உள்ளே விடமாட்டேன் என்று பல்லாவரம் வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன். பயமாகத்தான் இருந்தது. தவறினால் போவது அவன் உயிர். ஆனாலும் முடிவு முடிவுதான்.

ஏரிக்கரையில் நடக்கிறவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சித்திரை வெயில் என்றார் ஒருவர். பௌர்ணமி என்றார் இன்னொருவர். திருநீர்மலைக்கு வேண்டிக்கொள்ளுங்கள் என்றாள் எதிர்வீட்டு அக்கா. வேண்டிக்கொண்டேன், ஆனால் பெருமாளிடம் வேலையைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கிற ஆள் நான் இல்லை. மருந்து கொடுத்து முடித்ததும் பாட்டில் அடுப்புப் பக்கத்து அலமாரிக்குப் போய்விடும். சூடு படுகிறதோ என்று படுக்கையறை பீரோவுக்குள் மாற்றினேன். புடவைகளுக்கு நடுவே, இருட்டில், என் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் நாய் மருந்து. என் கணவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "இந்தத் தடவை யாரால இது நடக்குதுன்னு பாத்துரணும். யாரா இருந்தாலும் விடமாட்டேன்" என்றேன். "விடாத" என்றார் அவரும், பல்லைக் கடித்துக்கொண்டு.

அந்த பாட்டிலும் அடியைத் தொட்டது. ஒரு சாயங்காலம் என் கண் முன்னாலேயே அவன் சாய்ந்தான்.

இனி வெயிலைக் குறை சொல்ல முடியாது. மருந்து அடியில் படிந்துவிட்டதோ என்றும் எண்ணிப் பார்த்தேன். படிந்திருந்தால் கடைசியில் மிஞ்சுவதில் மருந்து அதிகமாக அல்லவா இருக்க வேண்டும்? அவன் தள்ளாட வேண்டும், தூங்கி வழிய வேண்டும். அவனோ வலிப்பு வருவதற்கு முந்தின நிமிடம்வரை கூரியர்காரரைத் தெருமுனைவரை துரத்திவிட்டு வந்தவன். ஆகவே, கடைசி வாரத்தில் அவனுக்குப் போவது பலம் குறைந்த மருந்து. லேபிளில் போட்ட தேதிவரை மருந்து தாங்கவில்லை. தேதி போட்டவள் ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கிறாள். மறுநாள் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, அடியில் மிச்சமிருந்த பாட்டிலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். என் கணவர் வாசல்வரை வந்து, "கோவமா பேசாத. ஆனா விட்டுடாத" என்றார்.

கோபமாகத்தான் பேசினேன். அந்தப் பெண் முழுக்கக் கேட்டாள். அவள் முகமும் சிவந்தது.

"மேடம், அந்தத் தேதியை நான் சும்மா எழுதல. ஒவ்வொரு தடவை கலக்கும்போதும் அதுலயே ஒரு சின்ன பாட்டில் எடுத்து இங்க வெச்சிருப்பேன். உங்களுக்குக் குடுத்ததும் இருக்கு. பாத்துரலாம்."

என் முன்னாலேயே இரண்டையும் குலுக்கினாள். ஒரு கண்ணாடித் தகட்டைச் சாய்த்து வைத்து, இரண்டிலிருந்தும் பக்கம் பக்கமாகக் கொஞ்சம் விட்டாள். அவளுடையது தோசை மாவு மாதிரி நிதானமாக நகர்ந்தது. என்னுடையது ரசம் மாதிரி ஓடி, தகட்டைத் தாண்டி மேசையில் சொட்டியது. நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சொட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இதுல தண்ணி ஊத்தினீங்களா?"

"எங்க வீட்ல மருந்துல தண்ணி ஊத்துற அளவுக்கு யாரும் முட்டாள் இல்லம்மா."

"கெட்டுப்போனாலும் மருந்து இப்படி ஆகாது மேடம். மூடி சரியா மூடலன்னா தண்ணி ஆவியாகிப் போகும், கெட்டியாகும். வெளியில இருந்து தண்ணி தானா உள்ள வராது." கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தண்ணி சேந்தா பலம் பாதியாகிறது மட்டும் இல்ல. அந்தப் பசைதான் மருந்தை மிதக்க வெச்சிருக்கு. அது நீர்த்துப்போனா குலுக்கி வெச்ச உடனே மருந்து கீழ போயிரும். நீங்க மேல உறிஞ்சுறது வெறும் இனிப்புத் தண்ணி. கெட்டுப்போகாம இருக்கப் போட்டதும் நீர்த்துப்போகும். நான் போட்ட தேதி நான் கலந்த மருந்துக்கு. இது வேற மருந்து."

பாட்டிலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஷேர் ஆட்டோவில் வரும்போதெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். தப்பை மறைக்கிறாள், நம்மேல் போடுகிறாள், நாளைக்கே வேறு கடை பார்க்க வேண்டும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கை கழுவப் போனேன். வாஷ்பேசின் மேல் இருந்த கைகழுவும் சோப்பு பாட்டிலை அமுக்கினேன். சோப்பு சொட்டாக விழவில்லை. தண்ணீராகப் பீய்ச்சி என் புடவையில் அடித்தது. "மறுபடியும் இதுல தண்ணியை ஊத்தி..." என்று கத்த வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

இந்த மனிதரோடு முப்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்துகிறேன். எங்கள் வீட்டில் எந்த பாட்டிலும் ஒரு தடவையில் தீர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. ஷாம்பு தீர்ந்தால் தண்ணீர் விட்டுக் குலுக்குவார். தக்காளி சாஸ் தீர்ந்தால் தண்ணீர் விட்டுக் குலுக்கிக் குழம்பில் ஊற்றுவார். பாத்திரம் தேய்க்கும் திரவம், மாவு வாளி, ஊறுகாய் ஜாடிகூட எண்ணெய் விட்டு அலசப்படும். காலையில் பால் பாக்கெட்டைக் கத்தரித்து ஊற்றியதும் குழாயைத் திறந்து, பாக்கெட்டுக்குள் கொஞ்சம் தண்ணீர் பிடித்து, மூலை மூலையாக அலசி, அதையும் பாலில் ஊற்றுவார். கஞ்சத்தனம் இல்லை. யாருக்கும் கொடுக்கக் கை கூசாதவர். ஒரு பொருள் வீணாவதைப் பார்க்க அவரால் முடியாது, அவ்வளவுதான். நானும் கேலி செய்யாத நாள் இல்லை: "நீங்க தலையில தேய்க்கிறது ஷாம்பு இல்லங்க, ஷாம்பு பாட்டில் கழுவின தண்ணி." அவரும் சிரிப்பார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

வாசலில் அவர் நாய்க்கு ரோமம் சீவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏங்க, மருந்து பாட்டில்ல அடியில மிச்சம் இருக்குமே. சிரிஞ்சு அவ்வளவு தூரம் எட்டுமா?"

"எட்டாதும்மா. கழுத்து குறுகலா இருக்கு பாரு. சாய்ச்சா சிந்திரும்." சீப்பை நிறுத்தாமல், ஒரு நல்ல யுக்தியைச் சொல்லித்தருகிற சந்தோஷத்தோடு சொன்னார். "கொஞ்சம் தண்ணி விட்டேன்னா மட்டம் மேல வந்துரும். நல்லா குலுக்கிட்டு எடுப்பேன். மறுபடி இறங்கினா இன்னும் கொஞ்சம் விடுவேன். ஆர்ஓ தண்ணிதான். ஒரு சொட்டு வீணாகாது."

குற்றவாளி அகப்பட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அதில் ஒன்றுகூட இவருக்குப் பொருந்தவில்லை. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தண்ணீர் விடாதீர்கள் என்று மட்டும் சொன்னால் போதாதா? போதாது. ஏன் என்று கேட்பார். நான் பொய் சொன்னால் அவர் கண்டுபிடிப்பார். அதைவிட, இந்த மனிதர் ஒரு காரியத்தின் காரணம் புரிந்தால்தான் பழக்கத்தை விடுவார். நாயின் உயிர் அந்தப் பழக்கத்தில் தொங்குகிறது. சொன்னேன். தகட்டில் ஓடியதிலிருந்து கடைசிவரை, எதையும் குறைக்காமல் சொன்னேன்.

சீப்பு பாதி முதுகில் நின்றுவிட்டது.

"அப்போ ஒவ்வொரு தடவையும்... நான்தானா?"

"ஆமாங்க."

ஏன் நிறுத்திவிட்டாய் என்று நாய் தலையால் அவர் கையை முட்டியது. கையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவர் அழவில்லை, அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அன்று மத்தியானமே மறுபடி ராஜகீழ்ப்பாக்கம் போனேன். அந்தப் பெண்ணிடம், "நீ சொன்னது சரிம்மா" என்றேன். அவள் ஜெயித்த முகம் காட்டவில்லை. "தண்ணி ஊத்தக்கூடாதுன்னு நானும் சொல்லல மேடம். சொல்லணும்னே எனக்குத் தோணல" என்றாள். புது மருந்தைக் கலந்து, பாட்டிலின் கழுத்தில் நடுவில் ஓட்டையுள்ள ஒரு சின்ன பிளாஸ்டிக் அடைப்பானைச் செருகினாள். சிரிஞ்சை அதில் பொருத்தி, பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து இழுத்தால் போதும், எட்டாத பிரச்சினை இல்லை. தேவைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றினாள். "இது மிஞ்சணும். மிஞ்சினதை சிங்க்ல கொட்டாம இங்க கொண்டுவந்து குடுத்துருங்க." டாக்டரிடம் போனில் சொன்னேன். "சரி, ரெண்டாவது மருந்து இப்ப வேண்டாம். இந்த பாட்டில் எப்படி முடியுதுன்னு பாத்துட்டு சொல்லுங்க" என்றார்.

ஆனால் மருந்து கொடுக்க என் கணவர் மறுத்துவிட்டார். "இனிமே நீயே குடு. என் கையால வேண்டாம்." சாயங்காலம் நான் கொடுத்துப் பார்த்தேன். நாய் பல்லை இறுக்கிக்கொண்டது. பாதி என் புடவையில், மீதி தரையில். கொஞ்சம் உள்ளே போயிருந்தாலும் அதுவும் அதே குறைந்த அளவுதானே!

மறுநாள் காலை குப்பைக்கூடையில் பால் பாக்கெட்டைப் பார்த்தேன். கத்தரித்து, ஊற்றி, அப்படியே போட்டிருந்தார். உள்ளே மூலையில் பால் வெள்ளையாகத் தேங்கியிருந்தது. முப்பது வருஷத்தில் அவர் கையால் அலசாமல் போன முதல் பாக்கெட். எத்தனை தரம் இதற்காக எரிந்து விழுந்திருப்பேன்! அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

கூடத்தில் நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர் முன்னால் போய் நின்றேன். ஒரு கையில் பாட்டில், ஒரு கையில் சிரிஞ்சு.

"இங்க பாருங்க. என் கையில அவன் வாயைத் திறக்க மாட்டான். நான் ரயிலைப் பிடிக்கணும். வருத்தப்படுறதை எல்லாம் சாயங்காலம் வெச்சுக்கலாம், நானும் கூட உக்காந்து வருத்தப்படுறேன். இப்ப மருந்து குடுக்கணும்."

"மறுபடி என் கையால தப்பு நடந்துட்டா?"

"நடக்காது. பாட்டிலை நான் கவிழ்த்துப் பிடிக்கிறேன். நீங்க இழுங்க."

சிரிஞ்சின் கோட்டை இரண்டு தடவை சரிபார்த்துத்தான் இழுத்தார். நாய் வந்து அவர் முழங்காலில் தாடையை வைத்து, தானாக வாயைத் திறந்தது. அதற்கு எந்த விசாரணையும் தேவைப்படவில்லை. நான் அந்த ரயிலை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்தேன்.

அப்படியே போனது அந்த மாதம். மருந்தைக் கொடுத்தார், ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. ஷாம்பு தீர்ந்தது, புதிது வந்தது. சாஸ் பாட்டில் பாதிச் சிவப்போடு குப்பைக்குப் போனது. பால் பாக்கெட்டுகள் வெள்ளை மூலைகளோடு தினமும் கூடையில் கிடந்தன. நான் இத்தனை வருஷம் கேட்ட வரம் கிடைத்துவிட்டது. வீடு வீடாகவே இல்லை.

பாட்டில் தீரும் வாரம் வந்தது. நான் அலுவலகத்தில் லீவு சொல்லவில்லை, ஆனால் மனசு முழுக்கக் கூடத்துத் தரையில்தான் கிடந்தது. போன் அடித்தால் வீட்டு எண்ணா என்று முதலில் பார்ப்பேன். வீட்டில் என் கணவர் நாயை விட்டு நகரவில்லை. குளிக்கப் போனால்கூடக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டார். ஒவ்வொரு நாளும் நான் வாசல்படி ஏறும்போது கண்ணாலேயே "இல்லை" என்பார். நானும் கண்ணாலேயே "சரி" என்பேன்.

லேபிளில் போட்டிருந்த தேதியன்று காலை நான் சமையலறையில் இருந்தேன். அவர் கடைசி வேளை மருந்தைக் கொடுத்தார். பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். சுவரெல்லாம் மருந்து அப்பியிருந்தது, அடியிலும் நன்றாகவே மிச்சம்.

"எவ்வளவு இருக்கு பாரு" என்றார்.

நான் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டேன். சிங்க்குக்குப் பக்கத்தில் நின்றிருந்தார், குழாய் கைக்கு எட்டும் தூரம். மூடியைத் திருகினார். இறுக்கமாகத் திருகினார். புது பாட்டில் வாங்கப் போகும்போது திருப்பிக் கொடுப்பதற்காகத் துணிப்பையில் போட்டு, பையைக் கதவுக் கொக்கியில் மாட்டினார். நாய் பையை ஒரு தடவை முகர்ந்துவிட்டு, வெளியில் கூரியர் வண்டிச் சத்தம் கேட்டு, தொண்டை கிழியக் குரைத்துக்கொண்டு ஓடியது.

அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டே அவர் ஃபிரிட்ஜைத் திறந்து பால் பாக்கெட்டை எடுத்தார். கத்தரித்தார். பாத்திரத்தில் ஊற்றினார். நான் மறுபடி கத்தியை எடுத்தேன். பின்னால் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பாக்கெட்டுக்குள் தண்ணீர் பிடிக்கும் சத்தம், பிளாஸ்டிக்கைக் கசக்கி மூலை மூலையாக அலசும் சத்தம். நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அழுதுவிட்டிருப்பேன்.

காபி கொடுத்தார். தண்ணியாகத்தான் இருந்தது. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு ரயிலுக்கு ஓடினேன்.